கோடு போட வேண்டிய இடத்தில் வட்டம்

தில்லி கிரீன் பார்க்கில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். அவருடைய அப்பா மத்திய அரசு வேலையாக வந்து, அறுபதுகளில் மனை வாங்கி, அந்தக் காலத்து தில்லிக் கணக்குப்படி இரண்டரை மாடி கட்டினார். அந்த 'அரை'தான் பர்சாத்தி. மொட்டை மாடியில் ஒற்றை அறை, அதை ஒட்டி ஒரு குளியலறை, மீதி வானம். ஊரிலிருந்து வேலைக்கு வந்த பிரம்மச்சாரித் தமிழர்கள் எத்தனையோ பேர் பர்சாத்தியில் வாடகைக்கு இருந்து, ஜூன் மாத வெயிலில் வெந்து, பிறகு கல்யாணமாகிக் கீழே இறங்கி வந்தவர்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

அந்த வீட்டில் இப்போது மேல்தளத்துக் காரை உதிர்ந்து கம்பி தெரிகிறது. பில்டர்கள் வரிசையாக வருகிறார்கள். கொலாபரேஷன் போடலாம், ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நாலு மாடி, ஒரு மாடி எனக்கு, மூன்று உங்களுக்கு என்கிறார்கள். மனைப் பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் கல்லறையையும் பார்த்துவிட்டு, திரும்பி வராமல் போய்விடுகிறார்கள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் லோடி சுல்தான்கள் காலத்துக் கும்டி ஒன்று, அதாவது குவிமாடம் வைத்த சிறு கல்லறை, இருக்கிறது. யாருடைய கல்லறை என்று யாருக்கும் தெரியாது. சிறியது, அழகானது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வீடு அதன் 100 மீட்டருக்குள் விழுகிறது. இடித்துக் கட்ட முடியாது.

"தம்பி, அதுக்கு நான் என்ன கெடுதல் பண்ணிடப் போறேன்? ரோட்டுல நின்னு பாருங்க, மரமும் காரும்தான் தெரியும். அந்தக் குவிமாடம் தெரியறதே என் மொட்டை மாடியிலேருந்துதான்" என்றார்.

அதே சந்தின் மறுமுனையில் நாலு மாடி எழும்பி நிற்கிறது. அந்த வீடு 100 மீட்டரைத் தாண்டிவிட்டது. என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வாங்கிக் கட்டிவிட்டார்கள். பெரியவரின் மாடியில் நின்று சுற்றிப் பார்த்தால் விஷயம் புரிகிறது. நடுவில் கும்டி. அதைச் சுற்றிப் பழசாகிப் போன வீடுகள். அவற்றுக்கு வெளியே, அளந்து வைத்தது போல ஒரே உயரத்தில் புதுக் கட்டிடங்களின் மதில். எதைக் காப்பாற்றுவதற்காக இந்த ஏற்பாடு என்ற கேள்வி எனக்கு அங்கேதான் எழுந்தது. கல்லைக் காப்பாற்றவா? கல்லுக்கு 100 மீட்டர் தேவையில்லை, நல்ல வேலியும் ஒழுங்கான காவலாளியும் போதும். பார்வையைக் காப்பாற்றவா? அப்படியானால் 101-வது மீட்டரில் நிற்கும் மதில் என்ன செய்கிறது?

சட்டம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழங்காலச் சின்னங்களுக்கான மத்திய அரசுச் சட்டம் 1958-ல் வந்தது. 1992 ஜூன் 16 அன்று வந்த அறிவிக்கை, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு வெளியே மேலும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என்றது. ஆனாலும் இடையில் நிபுணர் குழு என்று ஒன்றை வைத்துக்கொண்டு, தடைப் பகுதிக்குள்ளேயே தனித்தனியாக அனுமதி கொடுத்துவந்தார்கள். ஹுமாயூன் கல்லறைக்கு அருகே எழுந்த ஒரு கட்டிடம் தொடர்பான வழக்கில் 2009-ல் தில்லி உயர் நீதிமன்றம் இதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. உடனே 2010-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடம் கிடையவே கிடையாது, பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம், அதற்கும் அனுமதி வேண்டும், மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். இதைக் கவனிக்கத் தேசிய நினைவுச்சின்ன ஆணையம் என்ற அமைப்பும் வந்தது. சந்து சந்தாக என்எம்ஏ, என்எம்ஏ என்று தில்லிக்காரர்கள் புலம்புவது அதைத்தான்.

இந்தச் சட்டம் இல்லாமல் இருந்திருந்தால் தில்லியில் பாதிக் கும்டிகள் இன்று யாருடைய வீட்டுக் கார் ஷெட்டாகவோ ஆகியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வகையில் நான் சட்டத்தின் பக்கம். என் சண்டை அந்த வட்டத்தோடு.

தில்லியில் மட்டும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் 170-க்கும் மேற்பட்ட சின்னங்கள் இருக்கின்றன. 72.5 மீட்டர் உயரக் குதுப் மினார் அதில் ஒன்று. மிருகக்காட்சிச் சாலைக்குள் நிற்கும் முகலாயர் காலத்து மைல்கல்லான கோஸ் மினாரும் அதில் ஒன்று. இரண்டுக்கும் தடைப் பகுதி அதே 100 மீட்டர். குதுப் மினாரை எத்தனையோ கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்கலாம். கோஸ் மினாரை வெள்ளைப் புலி பார்க்க வந்த கூட்டமே கவனிப்பதில்லை. இரண்டுக்கும் ஒரே கயிற்றை வைத்து அளந்தால் ஒன்றுக்குப் போதாது, இன்னொன்றுக்கு மிஞ்சும். பார்லிமெண்ட் நிலைக்குழு ஒன்றும் 2023-ல், எல்லாச் சின்னத்துக்கும் ஒரே தூரம் என்பதால் சுற்றி வாழும் மக்கள் படும் அவதியைச் சுட்டிக்காட்டியது.

வட்டம் சரியாக வேலை செய்யும் இடங்களும் உண்டு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்தவர்களுக்குத் தெரியும். ஹஸ்ரத் நிஜாமுதீன் தாண்டியதும் இடப்பக்க ஜன்னலில் ஹுமாயூன் கல்லறையின் வெள்ளைக் குவிமாடம் எழும். இரண்டு இரவு ரயிலில் கிடந்து, ஊறுகாய் வாசனையும் புளியோதரை வாசனையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு தில்லி முதலில் காட்டிய முகம் அது. அங்கே சின்னத்தின் எல்லையே பெரிய தோட்டம். பக்கத்தில் சுந்தர் நர்சரி என்ற இன்னொரு பெரிய பச்சை. மறுபக்கம் தண்டவாளம். தோட்டச் சுவரிலிருந்து 100 மீட்டரை அளக்கும்போது குவிமாடத்துக்குத் தாராளமாக மூச்சுவிட இடம் கிடைத்துவிடுகிறது. கிரீன் பார்க் கும்டிக்கு அப்படித் தோட்டம் கிடையாது, காலனிதான் அதைச் சுற்றி வளர்ந்தது. அங்கே வட்டம் யாருக்கும் உதவாமல் வீடுகளின் மேல் போய் விழுகிறது.

பார்வை என்பது ஓரிடத்தில் நின்று ஒரு திசையில் பார்ப்பது. நிற்கும் இடம் வேண்டும், பார்க்கும் பொருள் வேண்டும், இரண்டுக்கும் நடுவே குறுக்கே எதுவும் எழாமல் இருக்க வேண்டும். மூன்றையும் சேர்த்தால் கிடைப்பது கோடு. லண்டனில் இதைப் பிடித்துக்கொண்டார்கள். செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடத்தை மறைத்துக் கட்டிடங்கள் எழத் தொடங்கியதும் 1930-களின் பிற்பகுதியில் அந்த நகராட்சி உயர வரம்பு போட்டது. பிறகு நகரத்தின் பல மேடுகளிலிருந்து அந்தக் குவிமாடத்தை நோக்கிக் கோடுகள் வரைந்து, கோட்டின் அடியில் எந்த இடத்தில் எத்தனை உயரம் வரை போகலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். ரிச்மண்ட் பூங்காவின் மேடு ஒன்றிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரம், வேலிச் செடிகளுக்கு நடுவே வெட்டிவிட்ட இடைவெளி வழியாகக் குவிமாடம் தெரிகிறது. அந்த வேலியைக்கூட வருடா வருடம் கத்தரித்து வைக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் குவிமாடத்துக்குப் பின்னால், ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம் ஒரு கோபுரம் எழும்பி, 2016-ல் பெரிய சண்டையாகிவிட்டது. முன்னால் காத்தார்கள், பின்னால் கோட்டை விட்டார்கள். வானத்தின் பின்னணியில் தெரிந்த குவிமாடம் இப்போது கண்ணாடிக் கட்டிடத்தின் பின்னணியில் தெரிகிறது.

இதையெல்லாம் லண்டனிடம் கற்க வேண்டுமா என்று நம் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கோயிலுக்குள் போகாமலே, எட்ட நின்று பார்த்தாலே புண்ணியம் என்றால், அந்த எட்ட நிற்கும் இடத்துக்கும் மதிப்பு உண்டு என்று அர்த்தம். சன்னதித் தெரு எதற்காக இருக்கிறது? தேரும் சாமி புறப்பாடும் போகத்தான், ஆனால் தெருவின் அந்தக் கோடியில் திரும்பும்போதே கோபுரம் நேர் எதிரே நிற்கும். தெருதான் பார்வைக் கோடு. வீடு இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கலாம், நடுவில் வர முடியாது. தெரு பொதுச்சொத்தாக இருப்பதால் பார்வையும் பொதுச்சொத்தாகத் தங்கிவிட்டது. இப்படி ஊரைக் கட்டியவர்களின் வாரிசுகள் மதுரையில் என்ன செய்திருக்கிறோம்? மீனாட்சி அம்மன் கோயில் சுற்றுச்சுவரிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று அரசாணை போட்டோம். அதுவும் வட்டம்தான். அதை மீறிய கட்டிடங்கள் உயர் நீதிமன்றக் கிளை வரை போன வழக்குகளும் ஊரறிந்தவை. ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் எத்தனை ஆயிரம் வீடு வரும் என்று யோசித்தாலே அது ஏன் மீறப்படுகிறது என்று புரிந்துவிடும்.

தில்லிக்கு வருவோம். இந்த நகரத்தைக் கட்டியவர்கள் கோடு போட்டவர்கள்தான். ஷாஜகான் செங்கோட்டையின் லாகூர் வாசலிலிருந்து நேர் மேற்கே சாந்தினி சௌக்கைப் போட்டார். அதன் மறுமுனையில் ஃபதேபுரி மசூதி. வாசலில் நின்றால் மசூதி, மசூதியில் நின்றால் வாசல். பிள்ளை ஔரங்கசீப் வந்தார், பாதுகாப்பு என்று சொல்லி வாசலுக்கு முன்னால் ஒரு தடுப்புக் கோட்டையை எழுப்பினார், கோடு அடைபட்டது. மணப்பெண்ணுக்கு முக்காடு போட்டுவிட்டாயே என்று ஆக்ராவில் சிறையிருந்த தகப்பன் கடிதம் எழுதியதாக ஒரு கதை. உண்மையோ இல்லையோ, தில்லியின் முதல் பார்வைத் தகராறு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடந்தது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தத் தடுப்புச் சுவர் இன்றும் இருக்கிறது. சுதந்திர தினத்தன்று பிரதமர் பேசுவதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது கவனியுங்கள்.

வெள்ளைக்காரன் வந்து புது தில்லி கட்டியபோதும் கோடுகள்தான். 1912-ல் அமர்ந்த நகரத் திட்டக் குழு ரெய்சினா குன்றைத் தேர்ந்தெடுத்தது. குன்றின் மேலிருந்து ஒரு கோடு கிழக்கே புராணா கிலா என்ற பழைய கோட்டையை நோக்கி ஓட வேண்டும். இன்னொரு கோடு வடகிழக்கே, இன்றைய பார்லிமெண்ட் ஸ்ட்ரீட் வழியாக, கன்னாட் பிளேஸைக் குறுக்கிட்டு, ஜாமா மசூதியை நோக்க வேண்டும். புதிய அதிகாரம் பழைய அதிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்ற திமிர் அதில் இருந்தது. திமிரோ என்னவோ, திட்டம் நல்ல திட்டம்.

இரண்டு கோடும் இன்று என்ன ஆயிற்று என்று நடந்தே பார்க்கலாம். இந்தியா கேட்டுக்குக் கிழக்கே போனால் புராணா கிலா தெரியாது, மேஜர் தியான்சந்த் தேசிய மைதானம்தான் தெரியும். 1933-ல் இர்வின் ஆம்ஃபிதியேட்டர் என்ற பெயரில், பாவ்நகர் மகாராஜா கொடுத்த பணத்தில் எழுந்தது. நகரம் திறப்பு விழா கண்டு சுமார் இரண்டு வருடம்தான், அதற்குள் நகரத்தின் முதுகெலும்புக் கோட்டைக் குறுக்கே அடைத்துவிட்டார்கள். பார்லிமெண்ட் ஸ்ட்ரீட் கோடோ கன்னாட் பிளேஸின் தூண்களில் முட்டி நின்றுவிட்டது. அதைத் தாண்டினால் புது தில்லி ரயில் நிலையம், அதற்கப்பால் அஜ்மேரி கேட்டின் நெரிசல். 1656-ல் கட்டி முடித்த மசூதியை அந்தத் தெருவிலிருந்து பார்க்கலாம் என்று இன்று சொன்னால் ஆட்டோக்காரர் சிரிப்பார்.

ரெய்சினா குன்றின் கதை இதைவிடச் சுவையானது. வைஸ்ராய் மாளிகை, அதாவது இன்றைய ராஷ்டிரபதி பவன், கட்டிடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸுடையது, அதற்கு முன்னால் இரண்டு பக்கமும் நிற்கும் செயலகக் கட்டிடங்கள் ஹெர்பர்ட் பேக்கருடையவை. என் கட்டிடமும் குன்றின் மேல் அதே மட்டத்தில் நிற்கட்டும் என்றார் பேக்கர். அப்படியானால் மாளிகை பின்னுக்குப் போக வேண்டும், நடுவில் சாலை சரிவாக ஏற வேண்டும். 1913-ல் லட்யன்ஸ் அந்தச் சரிவுக்குக் கையெழுத்தும் போட்டார். வேலை நடந்து சில வருடம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது, கீழே சதுக்கத்தில் நின்று பார்த்தால் தன் மாளிகையே தெரியாது என்று. சாலையை வெட்டித் தாழ்த்தச் சொல்லி மேலிடம் வரை முறையிட்டார். செலவு ஆகும் என்று மறுத்துவிட்டார்கள். நண்பர்கள் இருவரும் வருடக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. நெப்போலியனுக்கு ஒரு வாட்டர்லூ, எனக்கு ஒரு பேக்கர்லூ என்ற அர்த்தத்தில் லட்யன்ஸ் புலம்பியது கட்டிடக்கலை மாணவர்களுக்கெல்லாம் மனப்பாடம்.

ஒரு குளிர்கால மதியம் இந்தியா கேட்டிலிருந்து மேற்கே நடந்து பாருங்கள். தூரத்தில் ராஷ்டிரபதி பவன் முழுசாக இருக்கும். நடக்க நடக்க அது தரைக்குள் இறங்கும். குன்றின் கீழே உள்ள சதுக்கமான விஜய் சௌக் வந்ததும் தூண் வரிசை காணாமல் போய், குவிமாடத்தின் தலை மட்டும் மிஞ்சும். சரிவில் ஏறினால் மறுபடி எழும். எனக்கு இந்தக் கண்ணாமூச்சி பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். லட்யன்ஸ் ஆவி மன்னிக்கட்டும். நாட்டின் மிகப் பெரிய காட்சியைக் கெடுத்தது அடுக்குமாடிக் கட்டிடமோ தனியார் பில்டரோ கிடையாது, வரைபடத்தில் தவறாகப் போன ஒரு சரிவுக் கணக்கு. இங்கே 100 மீட்டர் வட்டம் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

ஜந்தர் மந்தர் மட்டும் வேறு வகை. அங்கே பார்வை அழகு சம்பந்தப்பட்டது கிடையாது, வேலை சம்பந்தப்பட்டது. 1724-ல் ராஜா ஜெய்சிங் கட்டிய வானியல் கருவிகள் அவை. சாம்ராட் யந்திரத்தின் சாய்ந்த சுவர் தில்லியின் அட்சரேகைக்குச் சமமான கோணத்தில், பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. சூரியன் போகப் போக அதன் நிழல் இரண்டு பக்கமும் வளைந்த அளவுகோல்களின் மேல் நகர்ந்து நேரம் காட்டும். இதற்குத் தேவை தடையில்லாத வானம், முக்கியமாக அடிவானம். காலைச் சூரியனும் மாலைச் சூரியனும் அடிவானத்தை ஒட்டித்தானே வரும்? இன்று சுற்றிலும் உயரக் கட்டிடங்கள். எதிரே 1984-ல் எழுந்த, புது தில்லி நகராட்சியான என்டிஎம்சி-யின் பாலிகா கேந்திரா. கருவி அப்படியே இருக்கிறது, அடிவானம் போய்விட்டது. கருவியைப் பூசி மெழுகி, சிவப்பு வண்ணம் அடித்து, டிக்கெட் போட்டு வைத்திருக்கிறோம். ஒரு தூசி விழாமல் பாதுகாத்த கண்ணாடிக்குப் பின்னால் பார்வை போன கண் இருப்பது போல என்று தோன்றும் எனக்கு. இப்படி ஒரு சின்னத்துக்குத்தான் 300 மீட்டரும் பத்தாது. கிழக்கிலும் மேற்கிலும் கோணம் அளந்து, இத்தனை தூரத்தில் இத்தனை உயரம் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கு கடினமானதும் இல்லை, ஒன்பதாம் வகுப்பு முக்கோணவியல் போதும்.

கோடுகளை அடைத்தவர்கள் யார் என்று பட்டியல் போட்டால் ஔரங்கசீப், வைஸ்ராய் அரசாங்கம், நகராட்சி, இப்படித்தான் வருகிறது. வட்டத்தின் பாரத்தைச் சுமப்பவர்கள் யார் என்று பார்த்தால் கிரீன் பார்க், மஸ்ஜித் மோட், கோட்லா முபாரக்பூர், நிஜாமுதீன் பஸ்தி வீட்டுக்காரர்கள். 2017-ல் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா வந்தது. தடைப் பகுதிக்குள் பொதுப்பணிகளுக்கு, அதாவது மத்திய அரசு மேம்பாலம், சாலை என்று கட்டுவதற்கு, விலக்கு வேண்டும் என்றது. 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றியது, மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போனது. சின்னத்துக்குப் பக்கத்தில் ஒரு மேம்பாலம் வரலாம், பெரியவரின் மூன்றாவது மாடி வரக் கூடாது என்ற தர்க்கம் எனக்குப் புரியவில்லை. மேம்பாலம்தான் காட்சியை அதிகம் கெடுக்கும். பாராபுல்லா மேம்பாலத்தில் போகும்போது அக்பரின் தளபதியும் கவிஞருமான கான்-இ-கானான் ரஹீமின் கல்லறையை எட்டிப் பார்ப்பவர்கள் சொல்லட்டும். காரில் போகிறவனுக்கு நல்ல காட்சி. கல்லறைத் தோட்டத்தில் நிற்பவனுக்கு கான்கிரீட்.

லட்யன்ஸ் பங்களா பகுதியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சுமார் 28 சதுர கிலோமீட்டர். 1988-ல் வந்த வழிகாட்டுதல்படி, அங்கே பங்களாவை மாற்றிக் கட்டினாலும் பழைய அடிப்பரப்பு, பழைய உயரம், அதற்கு மேல் போகக் கூடாது. அதனால்தான் நடுத் தில்லியில் இன்னும் வேப்ப மரமும் நாவல் மரமும்தான் வானத்தைத் தொடுகின்றன. விமானத்தில் இறங்கும்போது பச்சைப் பாய் மாதிரி தெரியும் அந்த இடத்தைப் பார்த்து நானும் பெருமைப்பட்டவன்தான். ஆனால் அந்த பங்களாக்களில் பெரும்பாலானவை அரசுக்குச் சொந்தம். உள்ளே இருப்பவர்கள் மந்திரிகள், நீதிபதிகள், உயர் அதிகாரிகள். மாடி எழுப்ப முடியாததால் அவர்களில் யாருக்கும் மகன் கல்யாணம் தள்ளிப்போகவில்லை. ராஷ்டிரபதி பவனிலிருந்து இந்தியா கேட்டுக்குப் போகும் கர்த்தவ்ய பாதையின் இருபுறமும் புதிதாக வரும் கட்டிடங்கள் எதுவும் 42 மீட்டர் இந்தியா கேட்டைத் தாண்டாது என்று சொன்னார்கள். அது சரியான அளவுகோல் என்றே நினைக்கிறேன். எதைப் பார்க்க வேண்டுமோ அதை வைத்து உயரத்தை முடிவு செய்திருக்கிறார்கள். வட்டத்தை விட்டுக் கோட்டுக்கு வந்த ஒரே இடம் என் கண்ணுக்கு இதுதான். அங்கேகூட அதைத் தீர்மானித்தது கட்டுபவரே.

இன்னொரு பக்கம், அதே அரசு 2016-ல் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு குவார்ட்டர்ஸ் காலனிகளை இடித்து அடுக்குமாடிகளாகக் கட்ட முடிவெடுத்தது. தில்லித் தமிழர்களில் பாதிப் பேருக்கு அந்தக் காலனிகளில் ஏதாவது ஒரு பிளாக் நம்பர் நினைவிருக்கும். இரண்டு மாடி, முன்னால் புல்வெளி, மார்கழியில் குவார்ட்டர்ஸ் வாசலில் கோலம், ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் முருகன் கோயில். அவை பாரம்பரியச் சின்னம் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுவரில் ஓதம் ஏறி, எலிகள் ஓடிய வீடுகள். 2018-ல் எதிர்ப்பு கிளம்பியதும் மரங்களுக்காகத்தான், வீடுகளுக்காக இல்லை. தேவைப்பட்டால் உயரம் கட்டலாம் என்று அரசுக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். எங்கே உயரம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கிற சுதந்திரம் அதனிடம் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தை நகரம் முழுக்கக் கணக்குப் போட்டுப் பயன்படுத்தவில்லை.

பயன்படுத்த மனமில்லை என்றும் சொல்லலாம். பழைய தில்லியான ஷாஜகானாபாத்தையும் புது தில்லியையும் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமாக்க அனுப்பிய விண்ணப்பத்தை 2015 மே மாதம் மத்திய அரசே திரும்பப் பெற்றது. பட்டம் வந்தால் கட்டிடக் கட்டுப்பாடுகள் இறுகும் என்ற பயம் அதற்கு ஒரு காரணம். 2017 ஏப்ரலில் பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவாலும் மகேந்திர ராஜும் 1972-ல் எழுப்பிய ஹால் ஆஃப் நேஷன்ஸை ஒரே இரவில் இடித்தார்கள். அறுபது வயது ஆகாததால் பாரம்பரியம் ஆகாது என்றது பாரம்பரியக் குழு. கும்டிக்கு ஐந்நூறு வயது, அதனால் 100 மீட்டர். ஹாலுக்கு நாற்பத்தைந்து, அதனால் புல்டோசர். வயதை வைத்து ஒன்று, தூரத்தை வைத்து ஒன்று. பார்ப்பவன் எங்கே நிற்கிறான் என்று மட்டும் எந்தக் குழுவும் கேட்பதில்லை.

அப்படியானால் பெரியவருக்கு நாலு மாடி கொடுத்துவிடலாமா? கொடுக்க மாட்டேன். ஒன்று குறைத்துக் கொடுப்பேன். முதலில் அந்தக் கும்டியை எங்கிருந்தெல்லாம் பார்க்க முடிகிறது, எங்கிருந்து பார்க்கத் தகுந்தது என்று நடந்து குறிக்க வேண்டும். அநேகமாக இரண்டு சந்து, ஒரு பூங்கா வாசல், அவ்வளவுதான் வரும். அந்தக் கோடுகளில் விழும் வீடுகளுக்குக் குவிமாடத்தின் தோளுக்குக் கீழே உயரம் நிற்க வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பே கூடாது. 100 மீட்டரைத் தாண்டி இருந்தாலும் கோட்டில் விழுந்தால் அதே விதி. கோட்டுக்கு வெளியே, வட்டத்துக்குள் இருக்கும் வீடுகளை இடித்துக் கட்ட விடலாம், மூன்று தளத்தோடு நிறுத்தி. இழந்த தளத்துக்கு ஈடு வேண்டும். மும்பையில் 1995 பாரம்பரிய விதிகளிலேயே டிடிஆர் உண்டு. தன் இடத்தில் கட்ட முடியாத பரப்பை வேறு இடத்தில் கட்டுபவருக்கு விற்றுக்கொள்ளலாம். அதிலும் ஊழல் வரும், விலை ஏறி இறங்கும், எல்லாம் தெரியும். ஆனாலும் நகரத்துக்காக ஒருவன் மாடியை விட்டுக்கொடுக்கிறான் என்றால் நகரம் அவனுக்குப் பணம் கொடுக்க வேண்டும். சும்மா விட்டுக்கொடு என்று சொன்னால், அவன் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிவிட்டு, வருகிறவர்களுக்குக் கையில் கொடுத்துச் சமாளிப்பான். கரோல் பாக் சந்துகளில் நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு இப்போதே ஒரு வாசல் இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். 2010 திருத்தத்தின்படி ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனிப் பாரம்பரிய விதிகள் எழுதப்பட வேண்டும். என்எம்ஏ வரைவை வெளியிட்டு, 30 நாள் ஆட்சேபணைக்கு விடுகிறது. 100 மீட்டரை அது மாற்ற முடியாது, அதற்குப் பார்லிமெண்ட் வேண்டும். ஆனால் அடுத்த 200 மீட்டரில் எத்தனை உயரம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. மம்ட்டி என்கிற மாடிப்படி அறை, கைப்பிடிச் சுவர், தண்ணீர் டேங்க் எல்லாம் சேர்த்து இத்தனை மீட்டர் என்று ஒரு எண் இருக்கும். பெரும்பாலும் நாலு பக்கமும் அதே எண். எந்தப் பக்கம் பார்வை போகிறதோ அந்தப் பக்கம் குறைத்து, முதுகுப் பக்கம் கூட்டிப் போடச் சொல்லி யாராவது புகைப்படத்தோடு எழுதிப் போட்டால் மறுக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. கிரீன் பார்க், ஹௌஸ் காஸ், ஷாப்பூர் ஜாட் பக்கம் இருப்பவர்கள் உங்கள் சின்னத்தின் வரைவு வந்துவிட்டதா என்று பாருங்கள். மொட்டை மாடியிலிருந்தும் தெருவிலிருந்தும் எடுத்த படம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். பெரியவர் வீட்டுச் சந்துக்கான மனுவை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், கூடவே உங்களுடையதையும் எழுதித் தருகிறேன்.